அம்பை முந்தும் சத்தம்

தெலுக் பங்லிமா காராங்கில் வில்வித்தை பழகும் நண்பர்கள் காம்பவுண்ட் வில் வாங்கப் பேசினாலே முதல் கேள்வி, "எவ்வளவு வேகம்?" வானொலியில் ஒலியோடு பிழைப்பு நடத்தும் நான் கேட்பது, "எவ்வளவு சத்தம்?"

வேட்டையை வைத்துக் கணக்குப் போடுவோம். வேகமான வில்லின் அம்பு வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் பாயும். ஒலியோ சுமார் 340 மீட்டர். 30 மீட்டரில் நிற்கும் மானுக்கு நாணின் சத்தம் 0.09 வினாடியில் எட்டும். அம்பு போய்ச்சேர 0.3 வினாடி. அதற்குள் மான் மிரண்டு குனிந்தால் குறி தப்பும். காயத்தோடு ஓடி வதைபட்டுச் சாகும்.

வேகத்துக்கென்றே வடித்த வில்லை இழுப்பது கடினம். விட்டால் அதிர்வும் அதிகம். சற்றுக் கனமான அம்பு மெதுவாகப் போனாலும், வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொண்டு சத்தத்தைக் குறைக்கும்.

வாங்குமுன் அம்பு பூட்டி எய்து பாருங்கள். வெறும் நாணை விட்டால் வில் உடையும். எண்ணைவிடக் கையும் காதும் சரியாகச் சொல்லும்.