கடல்நீர்த் தொட்டியும் செம்பாசித் தொல்லையும்

நம் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் சன்னலோரத்தில் நாலடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். இடைவேளை நேரத்தில் அதன் முன் நின்று, அதிலுள்ள கோமாளி மீன்களுக்குத் தம் விருப்பம்போல் பெயர் வைக்காதவர்கள் நம் பள்ளியில் மிகக் குறைவு. அந்தத் தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு இவ்வாண்டு அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த எங்கள் நால்வருக்குக் கொடுக்கப்பட்டது. காலாண்டு விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, வெள்ளை மணலின் மேல் அரக்குச் சிவப்பு நிறத்தில் வெல்வெட் துணி விரித்ததுபோல் ஏதோ படர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் எங்களுக்கு அது அழகாகவே தோன்றியது. ஒரு வாரத்தில் அது கற்களையும் மூடி, கண்ணாடியிலும் ஏறிவிட்டது. “மீனுக்கு இரத்தம் வந்துவிட்டதா, அக்கா?” என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டபோதுதான் எங்களுக்கு வெட்கமாயிற்று.

சுரண்டி எடுத்தோம், மூன்றே நாளில் திரும்பவும் வந்தது. மீண்டும் சுரண்டினோம், மீண்டும் வந்தது. “சுரண்டியது போதும். கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள், அது பாசிதானா என்று” என்றார்கள் எங்கள் உயிரியல் சிஸ்டர்.

பார்த்தோம். அது பாசியே அன்று! கிளையில்லாத மெல்லிய இழைகள் பின்னிக் கிடந்தன. உயிரணுக்களில் உட்கரு இல்லை. உட்கரு இல்லையென்றால் அது பாக்டீரியா இனம். இதற்குச் சயனோபாக்டீரியா என்று பெயர். பழைய பாடநூல்களில் நீலப்பசும்பாசி என்று படித்தோமே, அதுவேதான். நீலப்பச்சை எனப் பெயர் பெற்றது எப்படிச் சிவப்பாகும் என்று நீங்கள் கேட்கலாம். பச்சையத்தோடு பைக்கோஎரித்ரின் என்னும் செந்நிறமி சில வகைகளில் மிகுந்திருப்பதே காரணம். இவ்வினத்தைச் சேர்ந்த டிரைக்கோடெஸ்மியம் என்பது கடற்பரப்பில் பெருகிச் செந்நிறம் காட்டும். செங்கடலுக்கு அப்பெயர் வந்ததே இதனால்தான் என்று கருதுவோரும் உண்டு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் காற்று மண்டலத்தை ஆக்சிஜனால் நிரப்பத் தொடங்கிய கூட்டமும் இதுவே. அத்தனை பெரிய குடும்பத்துப் பிள்ளைதான் எங்கள் மணலில் வந்து உட்கார்ந்திருந்தது.

உண்மையான செம்பாசிகள் வேறு. அவற்றிற்கு உட்கரு உண்டு. கல்லைப் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதி உண்டு. பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் செம்பாசிகளே. ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகர் இவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. பச்சை, நீல ஒளியையே பற்றிக்கொள்ளும் திறமை இருப்பதால் செம்பாசிகள் மிக ஆழத்திலும் வாழும். பகாமா தீவுகளருகே 268 மீட்டர் ஆழத்தில் ஒரு வகை 1984இல் கண்டறியப்பட்டது. தொட்டிக் கல்லின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் கெட்டியாகப் படிவதும் ஒரு செம்பாசிதான். அது நல்ல நீரின் அடையாளம். அதைச் சுரண்டிவிடாதீர்கள், நாங்கள் பாதியைச் சுரண்டிய பிறகுதான் இதை அறிந்தோம்.

இரண்டையும் பிரித்தறிய நுண்ணோக்கிதான் வேண்டும் என்பதில்லை. விரல் பட்டவுடன் தாள்போல் உரிந்து வந்தால், அதனுள் சிறு சிறு காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தால், காலையில் மெலிந்து மாலையில் தடித்துத் தோன்றினால், அது பாக்டீரியாப் படலம். இழுத்தாலும் வராமல் கல்லோடு ஒட்டியிருந்தால் அது செம்பாசி. பின்னதற்கு மருந்து கையும் பொறுமையுமே. கல்லை வெளியே எடுத்து அடியோடு பிடுங்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே பிய்த்தால் துண்டுகள் மிதந்து சென்று வேறிடத்தில் முளைக்கும். கடல் முள்ளெலியும், பெரிய தொட்டியானால் ஓரா மீனும் சில வகைகளைத் தின்னும். மனிதன் கொண்டுவந்து வளர்த்த செம்பாசி கடலிலேயே தொல்லையானதும் உண்டு. கப்பாபைக்கஸ் என்னும் அயல்நாட்டுச் செம்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடியது 2008இல் ஆய்விதழில் வெளியாயிற்று.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். சயனோபாக்டீரியாவுக்கு ஒளி வேண்டும், மூன்று நாள் இருட்டில் வைத்தால் அழியும் என்று படித்தோம். உடனே ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கட்கிழமை காலை துணியை விலக்கினால், இரண்டு கோமாளி மீன்களில் பெரியது இறந்து கிடந்தது. மற்றது நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. படலம் அழிந்ததென்னவோ உண்மை. ஆனால் அத்தனையும் ஒரே சமயத்தில் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடும் என்பதை நாங்கள் எண்ணவில்லை. படலத்தை முதலில் வெளியேற்றியிருக்க வேண்டும். காற்றுப் பம்பை இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும். எங்களில் ஒருத்தி அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

இரண்டு வாரத்தில் செந்நிறம் திரும்பவும் எட்டிப் பார்த்தது. மீன் விற்கும் கடையில் எரித்ரோமைசின் போடச் சொன்னார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தாதலால் படலம் மறையும் என்பது சரியே. ஆனால் மீன்களின் கழிவாகிய அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தொட்டியைக் காப்பாற்றுபவையும் பாக்டீரியாக்கள்தாமே! அவையும் பாதிக்கப்படலாம். மனிதர் நோய்க்கான மருந்தை இப்படிக் கண்ட இடத்தில் கொட்டினால், அதற்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழி செய்வோம். சிஸ்டர் வேண்டாம் என்றார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. படலம் எதைத் தின்று வளர்கிறது என்பதல்லவா கேள்வி?

விடை எங்களிடமே இருந்தது. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோது, நால்வருமே தினமும் தனித்தனியே உணவு போட்டுவந்தோம் என்பது வெளிப்பட்டது! மீன் தின்றது போக மிஞ்சிய உணவு அழுகி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்ந்துகொண்டே இருந்தது. அதோடு, ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றிவந்தோம். தொட்டியிலிருந்து ஆவியாவது தூய நீர் மட்டுமே. நாம் ஊற்றும் நீரில் கரைந்திருப்பவை யாவும் உள்ளேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் இப்படி ஊற்றினால் என்னவாகும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். மேலும் சயனோபாக்டீரியாக்களில் சில வகைகள் காற்றிலிருந்து நீரில் கரைந்த நைட்ரஜனையே உணவாக்கிக்கொள்ளும். ஆகவே நைட்ரேட் குறைந்தாலும் பாஸ்பேட் இருக்கும்வரை அவை அசைவதில்லை.

பின்னர் செய்தவற்றைச் சொல்கிறேன். வாரம் ஒரு முறை மெல்லிய குழாயை வைத்துப் படலத்தை நீரோடு சேர்த்து உறிஞ்சி எடுத்தோம். எங்கள் தொட்டியில் 220 லிட்டர் நீர் உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 22 லிட்டர், இவ்வாறு வெளியேறும். அதற்கு ஈடாக ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவை கரைத்து ஊற்றினோம். சமையல் உப்பு இதற்கு ஆகாது. நீர் மாற்றினால் மட்டும் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்தில் ஒரு பங்காக நான்கு வாரம் மாற்றினாலும் நூறு பங்கு அழுக்கில் சுமார் 66 பங்கு எஞ்சியே நிற்கும்; அதுவும் புதிதாக ஒன்றும் சேராவிட்டால்தான். எனவே உணவைக் குறைப்பதே முதல் வேலை. உறைந்த இறாலை வடிகட்டியில் கழுவி, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போட்டோம். யார் போட்டார் என்று கையொப்பமிட ஓர் அட்டையும் தொங்கவிட்டோம். விளக்கு எரியும் நேரத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து எட்டாகக் குறைத்தோம். சன்னல் வெயில் படும் பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டினோம். நீர் தேங்கி நிற்கும் மூலையை நோக்கி இன்னொரு சிறு பம்பைத் திருப்பி வைத்தோம். நீரோட்டம் உள்ள இடத்தில் அழுக்கு படிவதில்லை. படலமும் எளிதில் படிவதில்லை. நத்தைகளைக் கொண்டு தின்னச் செய்யலாமே என்று சிலர் கேட்டனர். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியை அவை விரும்பித் தின்றன. இந்தப் படலத்தைப் பெரும்பாலும் சீண்டவில்லை.

முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஐந்தாம் வாரம் உறிஞ்சி எடுத்த இடம் திங்கட்கிழமையும் வெள்ளையாகவே இருந்தது. அரையாண்டுத் தேர்வு வருமுன் மணல் முழுவதும் தெளிந்தது.

தோழியரே, பவளம் வாங்கி வைத்தால் தொட்டி அழகாக இருக்குமே என்று பலர் எங்களிடம் கேட்கிறீர்கள். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். தனியாகிப்போன நம் மீனுக்குத் துணையாக அவ்வாறு வளர்க்கப்பட்ட குஞ்சு ஒன்றையே வாங்க எண்ணியுள்ளோம். பின்பக்க மூலையில் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்பு இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதை உறிஞ்சி எடுக்கும் முறை பதினோராம் வகுப்பினருக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளது. உணவு அட்டை தொட்டியின் வலப்பக்க ஆணியில் தொங்குகிறது.