பத்தாவது இருக்கை

டிக்கெட் பதிவு செய்யும்போது விமான நேரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 77டபிள்யூ, 789, 359, 333 என்று விமான வகையின் குறியீடு ஏதாவது ஒன்று இருக்கும். அடுத்த பதினான்கு மணி நேரத்துக்கு உங்கள் தோளுக்கு எவ்வளவு இடம் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

77டபிள்யூ என்றால் 777-300இஆர். 1995இல் 777 சேவைக்கு வந்தபோது சாதாரண வகுப்பில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் வைப்பதுதான் வழக்கம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதினெட்டரை அங்குலம். இப்போது அதே உடலுக்குள் 3-4-3 என்று பத்து இருக்கைகள். அகலம் 17 அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. 789, அதாவது 787-9, வரிசைக்கு எட்டு இருக்கை போட்டாலே வசதியாக இருக்கும்; கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்பது போட்டிருக்கிறார்கள். அங்கும் 17 அங்குலத்தை ஒட்டித்தான். 359 எனப்படும் ஏ350-900 பெரும்பாலும் ஒன்பது இருக்கையோடு 18 அங்குலம் தருகிறது. ஏ330-300, அதுதான் அந்த 333, 2-4-2 என்று எட்டோடு நின்றுகொள்கிறது.

கண்ணாடி வழியே பார்த்தும் அடையாளம் சொல்லலாம். இறக்கைக்கடியில் ஒவ்வொரு காலிலும் ஆறு சக்கரம், கத்தி போலத் தட்டையான வால்நுனி என்றால் 777. பக்கத்துக்கு ஐந்து கதவு இருந்தால் 300, நான்கு என்றால் 200. எஞ்சினின் பின்விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும் 787 ட்ரீம்லைனரையும், விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கட்டிய ஏ350ஐயும் சிறுவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் என் கவலை வேறு. பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோர்களைப் பற்றியது. பத்து பேர் வரிசையில் நான்கு பேருக்கு ஜன்னலும் இல்லை, நடைவழியும் இல்லை. எட்டு பேர் வரிசையில் அப்படி இரண்டே பேர். நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா, நடைவழிப் பக்கம் தூங்குகிறவரை எழுப்பக் கூசி எழுந்திருக்கவே மாட்டார். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது என்கிறது மருத்துவம். இறங்கும்போது செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருப்பதைப் பயணக் களைப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இருக்கை கூடியதால்தான் கட்டணம் குறைந்தது என்பார்கள் துறையில் இருப்பவர்கள். இருக்கலாம். ஆனால் பெட்டிக்கு இத்தனை கிலோ என்று டிக்கெட்டில் அச்சடிப்பவர்கள், மனிதருக்கு இத்தனை அங்குலம் என்றும் அச்சடித்தால் என்ன? இரண்டு விமானங்களுக்கு ஒரே விலை என்றால் எதில் ஏறுவது என்று வாங்குகிறவரே முடிவு செய்துகொள்வார்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஏ330இன் ஓரத்து இரட்டை இருக்கையைவிட நல்லது சாதாரண வகுப்பில் இல்லை. பத்து இருக்கை 777தான் கிடைத்தது என்றால் வால் பக்கம் பாருங்கள். உடல் குறுகும் இடத்தில் கடைசிச் சில வரிசைகளில் பல நிறுவனங்கள் ஓரத்தில் இரண்டு இருக்கைதான் வைத்திருக்கின்றன. அங்கே ஆட்டம் கொஞ்சம் அதிகம், கழிப்பறை வரிசை தொந்தரவு உண்டு. பரவாயில்லை. ஆட்டம் பயம் என்றால் இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகள். கால் நீட்டலாம் என்று முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள்: அங்கே சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் இருக்கை இன்னும் குறுகும், கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. அவசர வழிக் கதவருகே, அதைத் திறக்க உடல்வலு இல்லாத முதியவர்களை உட்கார விடமாட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தக் குறியீட்டை மறுபடி பாருங்கள். விமானத்தை மாற்றினால் இருக்கை வரைபடமும் மாறும். பணம் கட்டி எடுத்த இரட்டை இருக்கை பிரிந்து, அப்பா ஒரு வரிசையிலும் அம்மா ஒரு வரிசையிலும் போய்விடக்கூடும். அன்றைக்கே கேட்டால் சேர்த்துப் போட இடமிருக்கும்.