யார் கை முழம்?

பூக்காரம்மாவிடம் மூன்று முழம் மல்லி கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பது அவர் கையைப் பொறுத்தது. கை குட்டையென்றால் சரமும் குட்டை. எண்ணிக்கை என்னவோ மூன்றுதான். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்துக்கொண்டு பேட்டரியின் வோல்ட்டை அளக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது. தன்னிடமுள்ள ஒரு முழத்தை 1024 பங்காக்கி, அளக்கும் பின்னில் (pin) வரும் மின்னழுத்தம் அதில் எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். 0 முதல் 1023 வரை ஓர் எண், அவ்வளவே. வேறெதுவும் சொல்லி வைக்காவிட்டால், தன்னை ஓட்டும் மின்னழுத்தத்தையே முழமாக எடுத்துக்கொள்ளும். அது 5 வோல்ட் என்று புரோகிராம் எழுதியவர் நம்பிக்கொண்டிருப்பார். யூஎஸ்பி கேபிளில் வருவதோ 4.75 ஆக இருக்கலாம்.

கால் வோல்ட்தானே என்று விட முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கையில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். ஏறக்குறைய பாதி தீர்ந்தால் 12.1. நிறைந்ததற்கும் பாதிக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி. 12 வோல்ட்டை நேராகப் பின்னில் கொடுத்தால் சிப் போய்விடும் என்பதால், 30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகக் கோத்து, கால் பங்கை மட்டும் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.1இன் கால் பங்கு 3.025. முழம் 4.75 ஆக இருந்தால் சிப் சொல்லும் எண் 652. புரோகிராம் அதை 5 வோல்ட் கணக்கில் திருப்பி, 12.73 என்று காட்டும். பாதி தீர்ந்த பேட்டரி திரையில் நிறைகுடம்!

கணக்கைத் திருத்திப் பயனில்லை. கையை மாற்ற வேண்டும். சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் முழம் ஒன்று இருக்கிறது. யூஎஸ்பி ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. ஆனால் எல்லாச் சிப்பிலும் அது 1.1 அல்ல, 1.0 முதல் 1.2 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றே தயாரித்தவர்களின் தகவல் தாள் சொல்கிறது. பாதகமில்லை. அளவு எதுவானாலும் கை மாறாமல் இருந்தால் போதும், ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளலாம்.

முழம் சிறுத்ததால் ரெசிஸ்டர்களும் மாற வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். 150 கிலோ ஓம், 10 கிலோ ஓம் போட்டால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.9 வோல்ட், பின்னுக்கு வரும்.

ரெசிஸ்டர்கள் வழியே மின்சாரம் வீணாகிறதே என்று இவற்றைப் பத்து மடங்காக்கத் தோன்றும். அங்கே வேறொரு சங்கடம். அளக்கும் கணத்தில் சிப் தன்னுள் இருக்கும் 14 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். குழாய் மெலிந்திருந்தால் டம்ளர் நிரம்புமுன் நேரம் முடிந்துவிடும். பெரிய ரெசிஸ்டர்தான் வேண்டுமென்றால், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டரைப் போடுங்கள். சொட்டும் குழாயடியில் குடம் வைத்து, அதிலிருந்து டம்ளரில் மொள்வது போல.

கடைசியில் நல்ல மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, அது காட்டும் வோல்ட்டைச் சிப் தரும் எண்ணால் வகுத்து, அந்த விடையைப் புரோகிராமில் எழுதிவிட வேண்டும். ரெசிஸ்டரின் பிழை, முழத்தின் பிழை இரண்டும் அதிலேயே கழிந்துவிடும். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த ரெசிஸ்டர் தேடுவது காசுக்குக் கேடு. பதினாறு முறை அளந்து சராசரி எடுத்தால் எண் துள்ளாமல் நிற்கும். ஆனால் தப்பான கையால் எத்தனை முறை அளந்தாலும் தப்புதான்.

ஒற்றை லித்தியம் செல்லிலேயே நேராக ஓடும் சிப் என்றால் நிலைமை வேடிக்கையானது. செல்லே முழம், செல் இறங்க இறங்க முழமும் சேர்ந்து சுருங்கும். தன்னைத் தன்னால் அளந்தால் எப்போதும் 1023தான். இங்கே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பூச்சரத்தின் நீளம் தெரிந்தால் கையின் நீளத்தைச் சொல்லிவிடலாமே! உள்ளே இருக்கும் 1.1 வோல்ட்டைச் செல்லின் முழத்தால் அளக்கச் சொன்னால், செல் 4.2 வோல்ட்டில் இருக்கையில் 268 வரும், 3.3க்கு இறங்கும்போது 341. செல் தீரத் தீர எண் ஏறும். ரெசிஸ்டர் ஒன்றுகூடத் தேவையில்லை.