உங்களுக்குத் தெரியுமா? கடைப் பலகையிலேயே பான் எண்!

கடை வாசலில் ஜிஎஸ்டி எண் எழுதி வைப்பது விதி. அந்த 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 அப்படியே உரிமையாளரின் அல்லது நிறுவனத்தின் பான் எண். ஆக, அதைத் திருட வேண்டியதே இல்லை, ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிறது! கூடவே ஆதார் நகலும் சிக்கினால், உங்கள் பெயரில் ஒரு ‘கம்பெனி’ முளைக்கலாம். சரக்கே அனுப்பாமல் மோசடிக்காரர்கள் அதன் பெயரில் போலி பில் போடுவார்கள். வரி நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கே கோடிக்கணக்கில் வந்திருக்கிறது.

ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அதில் எத்தனை பதிவுகள் என்பது தெரிந்துவிடும். லாகின்கூட வேண்டாம். லாட்ஜில் ஆதார் கேட்டால், முதல் 8 இலக்கம் மறைத்த நகலைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அது கிடைக்கும். பணமே பறிபோய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.