வாங்கிய படம் யாருக்குச் சொந்தம்?

கல்லூரியில் தொழில்துறைப் பொருளியல் கற்பித்த நாள்களில், நீடித்து உழைக்கும் பொருளை ஒரே ஒரு நிறுவனம் மட்டும் விற்கும் சந்தையைப் பற்றிய பாடம் வந்தால் மாணவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஒரு வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் என் அறைக்கு வந்து ஒரு டிவிடியை மேசைமேல் வைத்தார். 'ஐயா, நீங்கள் இன்று சொன்ன காலணி இயந்திரக் கதை இந்தப் படத்தில் இருக்கிறது' என்றார். உறையில் துப்பாக்கியும் மின்கம்பிகளுமாக ஒரு பெண்ணின் ஓவியம். ஜப்பானியப் பொம்மைப் படம் பார்க்கும் வயதா எனக்கு என்றெண்ணி, இரண்டு மாதம் அதை மேசை இழுப்பறையிலேயே போட்டு வைத்திருந்தேன்.

அந்தப் படம் 'கோஸ்ட் இன் த ஷெல்'. மசமுனே ஷிரோ 1989-இல் எழுதத் தொடங்கிய சித்திரக்கதையைத் தழுவி மமொரு ஒஷீ இயக்கியது. 1995 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. தலைப்பைக் 'கூட்டுக்குள் உயிர்' என்று தமிழில் சொல்லலாம். கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் மையக் கருத்து அந்நியமானதே அன்று.

கதை நடப்பது 2029-இல். ஹாங்காங்கை மாதிரியாகக் கொண்டு வரையப்பட்ட ஒரு பெருநகரம். நாயகி மோடோகோ குசனாகி அரசின் ரகசியக் காவல் பிரிவொன்றின் அதிகாரி. மூளையின் ஒரு பகுதி தவிர அவரது உடல் முழுவதும் செயற்கை. தொடக்கக் காட்சியிலேயே வானளாவிய கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்து, கண்ணாடிச் சுவருக்கு வெளியிலிருந்து சுட்டுவிட்டு, காற்றில் கரைந்ததுபோல் மறைந்துவிடுகிறார். கணுக்கால் அளவு நீரில், கண்ணுக்குத் தெரியாத அவர் ஓர் ஆளை அடித்து வீழ்த்தும் காட்சியும், இறுதியில் கவச ஊர்தியோடு அவர் தனியே மோதும் காட்சியும் சண்டைப் பட ரசிகர்களுக்குப் பெருவிருந்து. ஆயினும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஓர் உரையாடல்தான்.

இரவு நேரம்; ஒரு படகு. குசனாகியும் சக அதிகாரியான பாட்டோவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலையைவிட்டு விலகும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால், விலகினால் அரசு கொடுத்த செயற்கை உடலையும் அதில் சேர்ந்துள்ள நினைவுகளையும் திருப்பித் தந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவது என்ன? அவர்களது வலிமையும் அழகும் உடைமைகள் அல்ல, குத்தகைக்கு வந்தவை. மாணவர் சொன்ன காலணி இயந்திரம் இங்கேதான் இருந்தது.

அந்த இயந்திரக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் காலணி தயாரிக்கும் இயந்திரங்களின் சந்தையைப் பெருமளவு தன் பிடியில் வைத்திருந்தது 'யுனைடெட் ஷூ மெஷினரி' என்ற நிறுவனம். தன் முக்கிய இயந்திரங்களை அது விற்காது. வாடகைக்கு மட்டுமே விடும். 1953-இல் இதை முற்றுரிமைத் தடைச் சட்டத்துக்கு எதிரானது எனக் கண்ட நீதிமன்றம், வாடகைக்கு விடும் இயந்திரங்களை விலைக்கும் தரவேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

விற்றால் என்ன நட்டம்? இதற்கான தெளிவான விடையை 1972-இல் எழுதிய சிறு கட்டுரையில் ரொனால்ட் கோஸ் தந்தார். நீடித்து உழைக்கும் பொருளை விற்பவருக்கு வேறு போட்டியாளர் தேவையில்லை. நாளைய அவரே இன்றைய அவருக்குப் போட்டியாளர். அதிக விலை கொடுக்கக் கூடியவர்கள் இன்று வாங்கி முடித்ததும், எஞ்சியவர்களுக்காக நாளை அவர் விலையைக் குறைத்தாக வேண்டும். இது வாங்குவோருக்கும் தெரியும், ஆகவே காத்திருப்பார்கள். முற்றுரிமையின் வலு அங்கே கரைகிறது. அதைத் தப்பவிடாமல் காக்கும் வழிகளில் ஒன்று, விற்காமல் வாடகைக்கு விடுவது. நோபல் பரிசு பெற்ற அறிஞர் அறுபது வயதுக்குமேல் எழுதிய ஆறேழு பக்கக் கட்டுரை இது. நான் முப்பது ஆண்டுகள் அதைக் கற்பித்தேன்.

சரி, இந்தப் படம் எப்படி விற்கப்பட்டது? அதுதான் எனக்குப் படத்தைவிடவும் சுவையான கதையாகப் பட்டது.

1996 மார்ச்சில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது 'கோஸ்ட் இன் த ஷெல்' ஏறத்தாழ 5 லட்சம் டாலர் மட்டுமே வசூலித்தது. ஹாலிவுட் கணக்கில் இது தேநீர்ச் செலவு. ஆனால், அதே ஆண்டு வீடியோ கேசட்டாக வந்த அது, ஆகஸ்டில் 'பில்போர்ட்' இதழின் வீடியோ விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அந்த இடத்தை எட்டிய முதல் ஜப்பானிய அனிமேஷன் படம் அதுதான். திரையரங்கில் தோற்ற படம் வரவேற்பறையில் வென்றது.

இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. இந்தப் படத்தில் முதலீடு செய்தோரைப் பாருங்கள்: பதிப்பகமான கோடான்ஷா, வீடியோ நிறுவனமான பண்டாய் விஷுவல், பிரிட்டனைச் சேர்ந்த மங்கா என்டர்டெயின்மென்ட். மூவரில் இருவர் வீடியோ விற்பவர்கள். மங்கா என்டர்டெயின்மென்ட் பிறந்த கதையும் அத்தகையதே. கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா' (1988) பிரிட்டனில் கேசட்டாக விற்ற வேகத்தைக் கண்ட பிறகு, 1991-இல் உருவாக்கப்பட்ட நிறுவனம் அது. இயக்குநர் ஒஷீக்கும் இந்தச் சந்தை புதிதன்று. திரையரங்கையும் தொலைக்காட்சியையும் நம்பாமல், நேரே வீடியோவில் விற்பதற்கென்றே எடுக்கப்பட்ட முதல் ஜப்பானிய அனிமேஷன் தொடர் எனக் கருதப்படும் 'டல்லோஸ்' 1983 டிசம்பரில் வெளிவந்தது. அதன் இயக்குநர்களுள் ஒருவர் அவர்.

திரையரங்குக்கு ஒரே ஊரில் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேண்டும். கேசட்டுக்கு அது தேவையில்லை. ஊருக்குப் பத்துப் பேர் என உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ரசிகர்கள் போதும். ஆனால், அந்தப் பத்துப் பேரும் பணம் கொடுத்து வாங்கித் தம் அலமாரியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் படத்தை விரும்ப வேண்டும். பெரும்பான்மையினருக்குப் பிடிக்காத, சிலருக்கு உயிரான படங்களை எடுக்கும் துணிவு ஜப்பானிய இயக்குநர்களுக்கு 1980-களிலும் 90-களிலும் இருந்தது என்றால், அந்தத் துணிவின் பின்னே ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. (அந்தக் கணக்கில் படம் வரைந்த கலைஞர்களுக்குச் சேர்ந்த பங்கு மிகக் குறைவு என்பது வேறு துயரம், அதைத் தனியே எழுத வேண்டும்.)

பின்னாளில் இந்தப் படத்தை ஒரு தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டி, 'இதை நிஜ மனிதர்களை வைத்து எடுக்க விரும்புகிறோம்' என்று வச்சோவ்ஸ்கிகள் சொன்னதன் விளைவுதான் 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்'. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் டிவிடி என்ற பெயர் அதற்கு உண்டு. வீட்டு அலமாரி வளர்த்த படம், இன்னும் பெரிய அலமாரி ஒன்றை உருவாக்கியது.

இனி என் சொந்தக் கதை. மாணவர் தந்த அந்த டிவிடியைப் பிறகு நானே விலைக்கு வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்ற ஆண்டில் நண்பர் ஒருவர் இரவல் பெற்றுச் சென்றார், திரும்ப வரவில்லை. இரவல் கொடுப்பதும் உடைமையின் ஓர் உரிமைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சில ஆண்டுகள் கழித்து, ஓர் இணையச் சேவையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தி, வாடகையைப்போல் நான்கு மடங்கு விலை கொடுத்து அதே படத்தை மீண்டும் பெற்றேன். இருமுறை பார்த்தேன். சென்ற ஆண்டு பேரனுக்குக் காட்டலாம் என்று திறந்தால், என் பட்டியலில் அது இல்லை. விசாரித்தபோது கிடைத்த விடை மிகவும் பண்பானது: உரிமையாளருடனான ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நீங்கள் பெற்றது படத்தை அல்ல, அதைப் பார்ப்பதற்கான உரிமத்தை.

படத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் வருகிறார். பிரிந்து போன மனைவியையும் மகளையும் எண்ணி ஏங்குபவர். மகளின் புகைப்படம் என்று சக ஊழியருக்கு ஒன்றைக் காட்டுவார். பிடிபட்ட பிறகு காவலர்கள் அவருக்கு உண்மையைச் சொல்கிறார்கள்: அவருக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை, நினைவுகள் அனைத்தும் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை. அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் அவரேதான். உடன் ஒரு நாய். என் இழப்பை அவருடையதோடு ஒப்பிடும் அளவுக்கு நான் பேதை அல்லேன். ஆனாலும் வெற்றுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் முகம் நினைவுக்கு வந்தது.

வாடகை முறையை நான் குறை கூறவில்லை. மாதக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஓடிடி தளங்கள், ஒருமுறை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு மலிவானவை. அமெரிக்காவில் கேசட் காலத்திலும் வாடகைக் கடையும் விற்பனைக் கடையும் அருகருகே இருந்தன. எதில் நுழைகிறோம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். இன்றைய சிக்கல், வாடகைக் கடையின் வாசலில் விற்பனைக் கடையின் பலகை தொங்குவதுதான். விலை உடைமைக்குரியது, கிடைப்பது குத்தகை, முடியும் நாளோ குத்தகைதாரருக்குத் தெரியாது. காலணி இயந்திர நிறுவனம்கூடத் தான் வாடகைக்கு விடுவதை விற்பனை என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2008-இல் இதே படத்தின் சில காட்சிகளைக் கணினி வரைகலையால் மாற்றி, ஒலியையும் புதுப்பித்து, '2.0' என்ற பதிப்பை ஒஷீயே வெளியிட்டார். என் கருத்தில், முதல் பதிப்பின் கையோவிய அழகு அதில் கெட்டது. படைப்பாளிக்குத் தன் படைப்பைத் திருத்த உரிமை உண்டு. அதை மறுக்க நான் யார்? ஆனால், பழையதை விரும்பியவர்களின் அலமாரியில் பழையது அப்படியே இருந்தது. ஒரே ஒரு வழங்கியில் மட்டும் வாழும் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2009-இல் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, உரிமைச் சிக்கல் காரணமாக அமேசான் அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பின்னர் மன்னிப்பும் கேட்டது.

கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின்படி, எண்ம வடிவில் படமோ நூலோ விளையாட்டோ விற்பவர், தருவது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் கொஞ்சம் நேர்மை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் நுகர்வோரை ஏமாற்றும் இணைய வடிவமைப்புகளைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுதல், கேட்காததைக் கூடையில் சேர்த்தல், சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவைத்தல் என 13 வகைகள் அதில் உள்ளன. குத்தகையை விற்பனை என்று சொல்வது தனி வகையாக அப்பட்டியலில் இல்லை. பதினான்காவதாக அதைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அதோடு, 'வாங்கிய' படம் நீக்கப்பட்டால் கொடுத்த விலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால், ஒப்பந்தம் போடும்போதே நிறுவனங்கள் நீண்ட காலத்துக்குப் போடும்.

படத்தின் முடிவில் குசனாகியின் அரசாங்க உடல் சிதைந்துவிடுகிறது. பாட்டோ எங்கிருந்தோ ஒரு சிறுமியின் செயற்கை உடலைக் கொண்டுவந்து அவரது மூளையை அதில் பொருத்துகிறார். அந்த உடல் கிடைத்த இடம் கள்ளச்சந்தை. திருப்பித் தர வேண்டாத முதல் உடல் அவருக்கு அங்கிருந்துதான் வருகிறது. நேர்வழியில் உடைமை கிடைக்காத இடத்தில் வேறு வழி முளைக்கும் என்பதை நான் வகுப்பில் வரைபடம் போட்டு விளக்கியதுண்டு. ஒஷீ ஒரே காட்சியில் முடித்துவிட்டார்.

பேரனுக்குப் படத்தைக் காட்டிவிட்டேன். பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் கீறல் விழுந்த டிவிடி கிடைத்தது. ஆனால், அதை இயக்க வீட்டில் கருவி இல்லை; அவனுடைய மடிக்கணினியில் வட்டு போடும் இடமே கிடையாது. தெருக்கோடியில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவரிடம் கிடந்த ஒரு பழைய பிளேயரை 600 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம். படகுக் காட்சியில் இரண்டு இடங்களில் படம் உறைந்து நின்றது. 'தாத்தா, இதை நான் என் நண்பனுக்குக் கொடுக்கலாமா?' என்று கேட்டான். கொடுக்கலாம் என்றேன்.