கம்பியும் காந்தமும் – 17: பெட்டி மேல் ஓர் எண்

எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் இரைச்சலை எப்படிக் கொல்கின்றன என்று போன வாரம் பார்த்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். நேரே விஷயத்துக்குப் போகிறேன். கிட்டாரில் இருக்கும் ஹம்பக்கரை, அதாவது அந்த இரட்டைச் சுருள் பிக்கப்பை, கழற்றிவிட்டு எதைப் போடுவது, போட்டபின் அதன் நான்கு வயர்களை எப்படி இணைப்பது என்று இரண்டையும் இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் பாதியைத் தொடங்குவோம்.

மாற்று ஹம்பக்கர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் எண். 7.5 கே, 8.2 கே, 13.7 கே, 16.4 கே. கே என்றால் கிலோ ஓம், பிக்கப்பின் மின்தடை. எண் பெரிதானால் பிக்கப்புக்கு வலு அதிகம் என்பது எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. "இது பதினாறு கே தம்பி, மெட்டலுக்கு இதை விட்டா வேற கிடையாது" என்று கடையில் சொல்வார்கள். வாசகர் கடிதங்களிலும் இதே கேள்விதான்: எட்டு கே போதுமா, பதினாறு வேண்டுமா?

அந்த எண் சொல்வது கம்பியைப் பற்றி. ஒலியைப் பற்றி அது சொல்வது மிகக் கொஞ்சம்.

1950களின் கிப்சன் ஹம்பக்கரில் சுற்றப்பட்டது 42 கேஜ் எனாமல் செப்புக் கம்பி. செப்பின் விட்டம் மட்டும் 0.0635 மில்லிமீட்டர். ஒரு சுருளுக்குச் சுமார் 5000 சுற்று, இரண்டு சுருளுக்குமாகப் பத்தாயிரம். இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம். பிக்கப்பில் 8 கிலோ ஓம் காட்டுகிறது என்றால் உள்ளே கிடக்கும் கம்பியின் நீளத்தை வகுத்துப் பார்த்துவிடலாம். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்! உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டிக்குள் ஒன்றரை கிலோமீட்டர் செம்பு.

இதே நீளத்தை 44 கேஜ் கம்பியில் சுற்றினால்? அதன் விட்டம் 0.05 மில்லிமீட்டர்தான், மீட்டருக்கு 8.5 ஓம். அதே சுற்று, அதே காந்தம், ஏறத்தாழ அதே வலு. ஆனால் மல்டிமீட்டரில் 8 கே இருந்த இடத்தில் 12.5 கே வந்து நிற்கும். கம்பி மெலிந்தது, எண் வீங்கியது, அவ்வளவுதான். பலருக்கும் தெரிந்த சீமோர் டங்கன் ஜேபி பிக்கப் 16.4 கே. 1972இல் வந்து மாற்று பிக்கப் என்ற வியாபாரத்தையே தொடங்கிவைத்த டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 13.7 கே. ஆம்பில் போட்டு வாசித்துப் பாருங்கள். எண்ணில் சிறிய அந்த டிமார்சியோ, தன் செராமிக் காந்தத்தின் பலத்தில், ஜேபிக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது இன்னொரு விஷயம். செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும் என்பது பள்ளிப் பாடம். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கிறது. ஆனால் பெருக்கிப் பாருங்கள். 20 டிகிரி அறையில் அளந்து 8.0 கே என்று பெட்டியில் எழுதிய பிக்கப்பை, மே மாதச் சென்னையில் 38 டிகிரியில் அளந்தால் 8.57 கே! "ஓவர்வவுண்ட்" என்று பெயர் சூட்டி, கூடுதல் விலை வைத்து விற்கும் பிக்கப்புக்கும் சாதாரண பிக்கப்புக்கும் பல நேரம் இருக்கும் வித்தியாசமே இந்த அரை கிலோ ஓம்தான். அதை ஒரு மத்தியான வெயில் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்ட கையோடு மேசை டிராயரில் கிடந்த ஒரு பழைய ஹம்பக்கரை எடுத்து மல்டிமீட்டரில் மாட்டினேன். ஏசி அறையில் ஓர் எண். அதையே உள்ளங்கைகளில் பொத்தி வைத்தபோது கடைசி இலக்கம் மெல்ல நகர்ந்தது, பிறகு அதற்கு முந்தைய இலக்கம். மொட்டைமாடி நிழலில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்தபோது இன்னும் மேலே போயிருந்தது. பிக்கப் மாறவில்லை, அதன் ஒலியும் மாறவில்லை. ஆனால் மன்றாடி வாங்கும் அந்த எண் மட்டும் சூட்டோடு சேர்ந்து ஏறியது. பழைய பிக்கப்பை வாங்கும்போது விற்பவர் காட்டும் மல்டிமீட்டர் படத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வேன். எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்த படம் என்று கேட்க வழியில்லை.

இந்த எண்ணின் மீதான பித்து எங்கே தொடங்கியது என்று தேடினால், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ என்ற ஊரில் போய் நிற்கும். கிப்சன் தொழிற்சாலை இருந்த ஊர் அது. ஹம்பக்கரைக் கிப்சனுக்காக வடிவமைத்த சேத் லவர் அங்கேயே 1910இல் பிறந்தவர். வால்வு, ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் என்று ரேடியோ வேலையில் ஊறியவர். இரைச்சலைத் தின்னும் சோக் காயில் ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்திருந்தார். சோக்கில் முடிந்தது பிக்கப்பில் ஏன் முடியாது என்பதுதான் அவருடைய தொடக்கம். 1955 ஜூன் 22 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1957இல் லெஸ் பால் கிட்டார்களில் அந்த ஹம்பக்கர் வந்தது. காப்புரிமை கைக்கு வராததால் அடியில் "பேட்டன்ட் அப்ளைட் ஃபார்" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். இன்று உலகம் முழுக்க பிஏஎஃப் என்று மூன்று எழுத்தில் சொல்லி, ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவது அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பிக்கப்பைத்தான்.

லவருடைய வடிவமைப்பில் திருகும் ஆணிகள் கிடையாது. காப்புரிமைப் படத்தைப் பாருங்கள், மேலே ஒரு திருகு ஆணியும் இல்லை. விற்பனைப் பிரிவினர்தான் வாடிக்கையாளரிடம் காட்டிப் பேச ஏதாவது வேண்டும் என்று கேட்டு ஆறு திருகு ஆணிகளை வைக்கச் சொன்னார்கள். இன்று ஹம்பக்கர் என்றதும் நம் மனக்கண்ணில் வருவதே அந்த ஆறு ஆணிகள்தான்!

1959 ஜூலை 28 அன்று காப்புரிமை கிடைத்தது. எண் 2,896,491. சில ஆண்டுகள் கழித்து பழைய ஸ்டிக்கருக்குப் பதிலாக எண் போட்ட ஸ்டிக்கர் வந்தபோது அதில் இருந்த எண் 2,737,842. அது கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் உள்ள டெயில்பீஸ் காப்புரிமை. பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நகலெடுக்க நினைப்பவர்களைத் திசைதிருப்பவே அப்படிச் செய்தார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. காரணம் எதுவானாலும், பிக்கப்பின் அடியில் ஒட்டியிருந்த எண்ணும் உண்மையைச் சொல்லவில்லை.

ஓம் கணக்குக்குத் திரும்புவோம். அன்றைய கலமசூவில் சுற்றுகளை எண்ணித் துல்லியமாக நிறுத்தும் பழக்கம் இருக்கவில்லை. அதனால் சில பிக்கப் ஏழரை கே, சில எட்டரை, அபூர்வமாக ஒன்பதைத் தொட்டவையும் உண்டு. ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்களுக்குள்ளேயே எண்ணிக்கை வேறுபடும். காந்தமும் அப்படியே. அல்னிகோ 2, 4, 5 என்று கையில் எது கிடைத்ததோ அதைப் போட்டார்கள். (அலுமினியமும் நிக்கலும் கலந்த இந்தக் காந்தக் குடும்பத்துக்கு வழி திறந்தவர் ஜப்பானின் டோகுஷிச்சி மிஷிமா, 1931இல்.) ஆகவே "அசல் பிஏஎஃப் ஒலி" என்று ஒன்றே ஒன்று இருந்ததில்லை. ஒரு குடும்பத்து ஒலி இருந்தது. ஏறுமாறான சுருள்கள் இரைச்சலைக் கொஞ்சம் கசியவிட்டன. ஆனால் மேல்ஸ்வரங்களையும் கொஞ்சம் காப்பாற்றின. அந்தக் கசிவுதான் பலருக்கும் பிடித்த திறப்பு. அதை இன்றைய தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள், நியாயமான வேலைதான்.

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? என் பதில்: இண்டக்டன்ஸ். ஹென்றியில் சொல்வார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் கேட்டால் தருவார்கள். பிஏஎஃப் வகை ஹம்பக்கர் 4.5 ஹென்றிக்குப் பக்கத்தில் இருக்கும், ஜேபி போன்ற வலுத்த பிக்கப் 8 ஹென்றிக்குப் பக்கத்தில். இந்த இண்டக்டன்ஸும் கிட்டார் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துதான் பிக்கப் எந்த அதிர்வெண்ணில் துருத்திப் பாடும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சாதாரணக் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் கேபிளில், பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்தால், 4.5 ஹென்றி பிக்கப்பின் உச்சம் சுமார் 2800 ஹெர்ட்ஸ். 8 ஹென்றி பிக்கப்புக்கு 2100. முதலாவது பளிச்சென்று வெட்டும், இரண்டாவது நடுவில் தடித்துக் கத்தும். இண்டக்டன்ஸ், உச்சம் என்ற இந்த இரண்டு எண்களில்தான் பிக்கப்பின் குணம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

கேபிளை 3 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். அதே 4.5 ஹென்றி பிக்கப்பின் உச்சம் 3700க்கு மேல் ஏறிவிடும். "என் நெக் பிக்கப் சேறு மாதிரி குழம்புகிறது, என்ன வாங்கலாம்?" என்று கேட்டிருந்த திருநெல்வேலி வாசகருக்கு என் பதில் இதுதான்: முதலில் ஒரு நல்ல சின்னக் கேபிள் வாங்குங்கள். அடுத்து பின்பக்க மூடியைத் திறந்து வால்யூம் பாட்டைப் பாருங்கள். ஹம்பக்கருக்கு 500 கே பாட் வேண்டும். 250 கே இருந்தால் ட்ரெபிளை அது குடித்துவிடும். மூன்றாவதாக, பிக்கப்பின் மேல்மூடி. லவர் அதற்கு நிக்கல் சில்வரைத் தேர்ந்தெடுத்தார்: ஈயம் பிடிக்கும், மின்தடை அதிகமாதலால் சுழல் மின்னோட்டமும் குறைவு. மலிவு பிக்கப்புகளில் பித்தளை மூடிக்கு நிக்கல் பூச்சு கொடுத்திருப்பார்கள், அது மேல்ஸ்வரங்களை விழுங்கும். இந்த மூன்றும் சரியாக இருந்து, அப்போதும் குழம்பினால்தான் புதுப் பிக்கப்புக்குப் பணம் எடுக்க வேண்டும்.

வாங்குவது என்று முடிவானால், நெக் பக்கத்துக்கு வலு குறைந்ததையே எடுங்கள். அந்த இடத்தில் தந்தி அகலமாக ஆடுகிறது, சிக்னல் தானாகவே பெரிதாக வரும். பிரிட்ஜ் பக்கம் ஆட்டம் குறைவு, அங்கே ஒரு படி வலுத்தது இருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி ஜோடி என்று வாங்குவதை நான் விரும்புவதில்லை. ட்ரெமலோ உள்ள ஸ்ட்ராட் வகைக் கிட்டாருக்கு பிரிட்ஜில் அகலமான வரிசை கேளுங்கள்: கிப்சன் வரிசையில் முதல் ஆணிக்கும் ஆறாவது ஆணிக்கும் இடையே சுமார் 49 மில்லிமீட்டர், அகல வரிசையில் 52க்குப் பக்கம்.

அதிக டிஸ்டார்ஷன் வைத்து வாசிப்பவர் மெழுகில் முக்கிய பிக்கப்பா என்று கேட்டே ஆகவேண்டும். பழைய பிஏஎஃப்களில் மெழுகு கிடையாது. உரத்த ஆம்பின் முன்னால் சுருளே அதிர்ந்து கீச்சிடும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் கிப்சன் 335இலிருந்து கழற்றிய பிஏஎஃபை உருக்கிய மெழுகில் தானே முக்கித்தான் அந்தக் கீச்சை அடக்கினார். 1978இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் கேட்பது அந்த பிக்கப்பைத்தான். வலு மிகுந்த பிக்கப் இல்லை அது. வலு முழுக்க ஆம்பிலிருந்து வந்தது. பதினாறு கே இல்லாமல் ராக் வாசிக்க முடியாது என்பவர்களிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அதன் நெக் பிக்கப்பில் காந்தம் தலைகீழாகக் கிடந்தது. இரண்டு பிக்கப்பையும் ஒன்றாக வைத்தால் ஒலி உள்ளொடுங்கி, மூக்கால் பாடுவதுபோல் வரும். அந்தக் கிட்டார் பின்னால் இன்னொரு கிட்டார் கலைஞரான கேரி மூரிடம் போய், இப்போது மெட்டல் கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. அதே ஒலி வேண்டும் என்று இன்றைக்கும் காந்தத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். புது பிக்கப்பே வேண்டாம், காந்தத்தை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அல்னிகோ 5ஐ எடுத்துவிட்டு 2ஐப் போட்டால் பேஸ் தளர்ந்து மேலே இனிமை கூடும்; செலவு மிகக் குறைவு.

பக்கம் தீர்ந்துவிட்டது, வயர் இணைப்பு அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் ஒரு வேலை செய்துவையுங்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் மேல்பகுதிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் 1.6 மில்லிமீட்டர், நெக் பக்கம் 2.4 மில்லிமீட்டரில் தொடங்கி, கால் திருகு கால் திருகாக இறக்கிக் கேளுங்கள். புது பிக்கப் வாங்கி வைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரும்வரை சால்டரிங் அயர்னைத் தொட வேண்டாம். டங்கனில் சிக்னல் வருவது கறுப்பு வயரில். டிமார்சியோவில் சிக்னல் சிவப்பில் வரும், கறுப்பு இரண்டு சுருளையும் இணைக்கும் இடத்துக்குப் போகும். ஒரே கிட்டாரில் இரண்டு நிறுவனத்தையும் போடப் போகிறவர்கள் எழுதுங்கள், உங்கள் சுவிட்சின் வகையையும் குறிப்பிட்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.