கூகையைக் காப்பாத்துறது வயல்லதான் தொடங்குது

பாகூர்ல மூணு காணியில இயற்கை முறையில நெல் வைக்கிறேன். போன வருஷம் பழைய மோட்டார் கொட்டாய்ப் பொந்துல இருந்து ரெண்டு கூகைக் குஞ்சு கீழ விழுந்து கிடந்துச்சு. பாவமேன்னு ஒண்ணுக்குப் பால் ஊத்தினேன், புரையேறிச் செத்துப்போச்சு. அந்தத் தப்பை நீங்க செய்யாதீங்க.

அடிபடாத குஞ்சை அதே பொந்தில் வைத்தால் போதும். மனுஷக் கை பட்டா தாய் ஒதுக்கிடும்ங்கிறது பொய். அடிபட்டிருந்தால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்து, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால், தண்ணீர் எதுவும் வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வளர்க்கக் கூடாது. மறுவாழ்வு மையம் நடத்தவும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும்.

மையத்தில் காயத்தை ஆற்றி, மனிதர்களோடு பழகவிடாமல் இரை கொடுத்து, பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி, எடுத்த இடத்திலேயே அந்தியில் விடுவார்கள். அந்த வயல்ல எலி மருந்து இருந்தா? புரோமடையலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடும். அதைப் பிடிக்கிற கூகையும் உள்ளே ரத்தம் கசிந்து சாகும். பட்ட பாடெல்லாம் வீண்.

வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரி 2008-லேயே சரணாலயம் ஆயிடுச்சு. ஆனா கூகைக்கு எல்லைக்கல் தெரியாது. எலி இருக்கிற நம்ம வயலுக்குத்தான் வரும். எலி மருந்தை நிறுத்துங்க, பொந்து மரத்தை வெட்டாதீங்க, வயல்ல பறவை உட்காரக் குச்சி நடுங்க.

பொந்தில் திருப்பி வச்ச இன்னொரு குஞ்சு பறந்துடுச்சு. இந்தச் சம்பாவுல வரப்புல எலி வளை குறைஞ்சிருக்கு.